உச்சிமாகாளிக்கு இரண்டு நிமிடம்

ஆகஸ்ட் 14, வியாழன்

நேற்று மாலை அண்ணனை எரித்தாயிற்று. எங்கள் தெருவுக்கு நல்ல காரியத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர்கூட வந்ததில்லை. நேற்று ஜீப்பும் வேனுமாக வரிசை கட்டி நின்றன. சுடுகாட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு ஓடிப்போன தெருநாய்கள் இன்னும் திரும்பவில்லை.

அண்ணன் பெயர் உச்சிமாகாளி. இரண்டாம் நிலைக் காவலர். இருபத்தெட்டு வயது. அடுத்த தையில் பெண் பார்ப்பதாக இருந்தோம். இனி வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா பீடி சுற்றுகிறாள். நான் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு ஒவ்வொரு வேலைக்கும் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நடந்ததை நடந்தபடி ஒரு இடத்திலாவது வைக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் போன் பண்ணினான். "ஏட்டி வேலு, இன்னைக்கு டி.எஸ்.பி. அய்யா வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு உள்ள பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்காவ. நீலக் கலராம். அடிச்சிட்டுப் பொழுதடைய வாரேன். அம்மைட்ட ரசம் வைக்கச் சொல்லு." போலீசில் சேர்ந்த நாளிலிருந்து அவன் லத்தி பிடித்ததைவிட அந்த வீட்டுத் துடைப்பம் பிடித்ததுதான் அதிகம். ஆர்டர்லி முறையை ஒழித்தாயிற்று என்று பேப்பரில் செய்தி வந்தால் அந்தப் பேப்பரில்தான் அய்யா வீட்டு நாயின் பீயை அள்ளிப் போடுவான். பதிவேட்டில் அதற்குப் பெயர் முகாம் அலுவலகப் பணி.

அன்று சாயங்காலம் வந்து சொன்னார்கள், மணல் திருடர்களைத் துரத்திப்போய் ஆற்றில் மூழ்கிவிட்டான் என்று.

உடம்பு காக்கியில் வந்தது. ஆற்றில் மூழ்கியவன் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். எல்லா நகத்திலும் நீலம். வலது கையில் நகங்கள் உடைந்திருந்தன. பெயிண்ட் அடிக்கிறவனுக்கு நகம் எதற்கு உடைய வேண்டும்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றத்தில் அண்ணன் பெயரைச் சொன்னார்களாம். பிறகு மிட்டாய் கொடுத்தார்களாம். பக்கத்து வீட்டுப் பையன் எங்களுக்கும் இரண்டு கொண்டுவந்தான். எறும்பு மொய்க்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஏட்டு தளவாய் வந்தார். அண்ணனோடு ஒரே ஸ்டேஷன். அண்ணன் செத்த செய்தியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். நல்ல மனுஷன் என்று அண்ணன் சொல்வான். நல்ல மனுஷர்களைத்தான் இந்த மாதிரி வேலைக்கு அனுப்புவார்கள்.

"தாயி, பேரவை கூடும்போது இரங்கல் தீர்மானம் வாசிப்பாவ. பணியில செத்த போலீஸ்காரவ பேரெல்லாம் வரும். உச்சி பேரும் போகுது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி அம்புட்டு பேரும் எந்திரிச்சு நிப்பான். ரெண்டு நிமிசம். எனக்கெல்லாம் எவன் நிப்பான் சொல்லு."

"ஆத்துல செத்தான்னு வாசிப்பாவளா?"

அவர் சாணி மெழுகின தரையையே பார்த்தார்.

"அண்ணனுக்கு நீச்சலே தெரியாது ஏட்டையா. முட்டளவுத் தண்ணிக்கு மேல எறங்க மாட்டான்."

"அதான் தாயி தியாகம். நீச்சல் தெரிஞ்சவன் குதிச்சா அது குளியல்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பீடித்தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "முகாம் ஆபீசுல செத்தா விபத்து. அத விசாரிச்சு முடிக்க ஒங்கம்மைக்கு ஆயுசு பத்தாது. ஆத்துல செத்தா வீரமரணம். தீர்மானம் வந்த கையோட ஒனக்குக் கருணை அடிப்படையில வேலை. நான் பொய் சொல்லச் சொல்லல. பேசாம இரின்னுதான் சொல்லுதேன்."

ஒரு சொம்புத் தண்ணீர் முழுக்கக் குடித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ரேஷனில் பாமாயில் இல்லை. பீடி இலை ஈரமாக வந்திருக்கிறது, கம்பெனிக்காரன் மாற்றித்தர மாட்டேன் என்கிறான். ஸ்டேஷனிலிருந்து வந்த வாக்குமூலத்தில் அம்மா ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. மழை வரும்போல் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தீர்மானத்துக்கு அனுப்பும் குறிப்பை ஏட்டையா கொண்டுவந்தார். நான் தமிழ் படித்தவள் இல்லையா, பிழை பார்க்க வேண்டுமாம். 'கடமையின்போது நீரில் மூழ்கி' என்று இருந்ததை யாரோ அடித்துவிட்டு, 'மணல் கொள்ளையர் மூவரைத் தனியொருவராகத் துரத்திச் சென்று ஆற்றில் குதித்து' என்று எழுதியிருந்தார்கள். மூன்று பேர் எப்போது வந்தார்கள் என்று கேட்டேன். மேலே இருந்து வந்தார்கள் என்றார்.

'குதித்து' நன்றாக இல்லை. 'பாய்ந்து' என்று போட்டேன். 'பெருக்கெடுத்த வெள்ளத்தில்' என்பதும் நான் சேர்த்ததுதான். வாக்கியம் நொண்டிக்கொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

பால் வாங்கப் போனேன். டீக்கடையில் மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "என் கண்ணால பாத்தேன்யா. லாரிய விட்டுட்டு மூணு பேரும் ஓடுதானுவ. பின்னாலேயே நம்ம உச்சி. நா கூப்பிடக் கூப்பிடக் கேக்காம ஒரே பாய்ச்சல். வெள்ளம்னா வெள்ளம், அப்படி வெள்ளம்."

அன்று ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். குறிப்பு இன்னும் ஊருக்குள் வரவில்லை. அதை ஏட்டையாவையும் என்னையும் தவிர இங்கே யாரும் பார்க்கவில்லை. என் சொல் இவர் வாய்க்கு எப்படி வந்தது?

மாஸ்டர் பொய் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கச் சொன்னார்.

செப்டம்பர் 5, வெள்ளி

அண்ணனுக்குப் பீடம் போட வேண்டும் என்று அம்மா பிடிவாதம். எங்கள் பக்கத்து வழக்கம் இது. அகாலமாக, அநியாயமாகச் செத்தவன் சும்மா போக மாட்டான். செத்த இடத்தில் அலைவான். அந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, வீட்டுப் பக்கத்தில் பீடம் கட்டி, அவனைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். பிடிமண் என்பார்கள். மண் வந்தால் ஆள் வரும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்து வருகிற பயமே எனக்குப் போதும்.

"எங்கனருந்து மண்ணு எடுக்கணும்னு ஏட்டையாட்டக் கேட்டியாட்டி?" என்று அம்மா கேட்டாள்.

"ஆத்துலருந்துதான்" என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

உச்சிவெயிலில் ஆற்றங்கரை. ஊரே வந்திருந்தது. சாமியாடி ஐயம்பெருமாள் மீது அண்ணன் இறங்கினான். அப்படித்தான் சொன்னார்கள். ஐயம்பெருமாள் தையல்காரர். அண்ணனின் காக்கிக்கு இடுப்புப் பிடித்துக் கொடுத்தவர்.

"லாரிய மறிச்சேன்... மூணு பேரு... விடுவனா... பாய்ஞ்சேன்..."

பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா மணலில் விழுந்து கும்பிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தவன்கூட அவர்கள் எழுதிக்கொடுத்ததைத்தான் பேச வேண்டுமா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"அண்ணனா இருந்தா சொல்லு. அன்னைக்குக் காலையில போன்ல எங்கிட்ட என்ன சொன்ன?"

ஐயம்பெருமாள் ஆட்டத்தை நிறுத்தினார். உடுக்கைக்காரனும் நிறுத்திவிட்டான். அவர் என்னைப் பார்த்தார். குரல் மாறியது. பெரிய குரலெல்லாம் இல்லை. வாயைப் பொத்தியதுபோல, சின்னதாக, வேறு எங்கிருந்தோ வந்தது.

"மூடியத் தெறட்டி."

அவ்வளவுதான். கட்டையாகச் சாய்ந்தார்.

கூட்டத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. பிறகு யாரோ, "பொங்கப் பானையக் கேக்காம்ல, பசியா இருக்கும்" என்றார்கள். அம்மா ஓடிப்போய்ப் பானை மூடியைத் திறந்து வைத்தாள். ஆவி பறந்தது. எல்லோருக்கும் திருப்தி.

ஐயம்பெருமாளுக்கு விஷயம் காதில் விழுந்திருக்கும். ஸ்டேஷனுக்கே சீருடை தைக்கிறவர்தானே.

ஆற்றிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தோம். வீட்டுக்குப் பின்னால் உடைமரத்தடியில் பீடம்.

செப்டம்பர் 13, சனி

தெருநாய்கள் திரும்பிவிட்டன. ஆனால் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வருவதில்லை.

செப்டம்பர் 20, சனி

அம்மா பீடத்துக்கு ரசம் சோறு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "ஏட்டி, அது அவன் இல்ல" என்றாள்.

"எது?"

"பின்னால உக்காந்திருக்கது. உச்சின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கு. ரசத்தத் தொடல. வேற எவனோ. ஆத்துல போன வேற எவனையோ கூட்டிட்டு வந்துட்டோம்."

"சும்மா கெட. கிறுக்கு மாதிரி பேசாத."

"பெத்தவளுக்குத் தெரியாதாட்டி? என் பிள்ள அங்கன இல்ல. அவன் எங்கன கெடக்கான்?"

நான் பீடி இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தெளித்த இலைக்கே திரும்பத் திரும்பத் தெளித்திருக்கிறேன். எல்லாம் நனைந்து வீணாகிவிட்டது.

செப்டம்பர் 22, திங்கள்

அம்மா இப்போது பீடத்துக்குக் கருவாட்டுக் குழம்பு வைக்கிறாள். "அவனும் யாரு பெத்த பிள்ளையோ. அவனுக்கு எது பிடிக்கும்னு வச்சு வச்சுத்தான் பாக்கணும்" என்கிறாள்.

காலையில் இலை காலியாக இருந்தது. பூனையாக இருக்கும்.

அக்டோபர் 3, வெள்ளி

ஏட்டையா வந்தார். பேரவைக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக ரயில் டிக்கெட் போட்டாயிற்றாம். சொல்லிவிட்டும் போகவில்லை. வாசலிலேயே நின்றார்.

"வேலு, வீட்ல அண்ணனுக்கு வெளக்கு கிளக்கு ஒழுங்கா ஏத்துதியளா?"

"எதுக்குக் கேக்கிய?"

"அய்யா வீட்டம்மா சரியா சாப்பிடுததில்லையாம். தொட்டித் தண்ணிய யாரும் தொடுறதில்ல. கேன் தண்ணிதான். அடியில எவனோ தட்டுதான்னு சொல்லுதாவ. அய்யா எஞ்சினீயரக் கூட்டிட்டு வந்து பாத்தாரு. ஒண்ணுமில்லன்னுட்டான். போறப்ப அவனும் காதப் பொத்திக்கிட்டுத்தான் போனான்."

"பெருச்சாளியா இருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

தலைநகரம். பேரவை.

வாசலில் செருப்பைத் தவிர எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் வெற்றிலைப் பையைக்கூட. மாடத்தில் உட்கார வைத்து ஒரு காவலர் சொல்லிக்கொடுத்தார். "கைதட்டக் கூடாது. கால்மேல கால் போடக் கூடாது. பேர் வாசிக்கிறப்ப சத்தமா அழக் கூடாதும்மா, சபைக் குறிப்புல ஏறிடும்."

அம்மா கேட்டாள், "மெதுவா அழலாமாய்யா?" அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

முதலில் ஒரு முன்னாள் உறுப்பினர். அடுத்து காவலர்கள். அண்ணன் பெயர் மூன்றாவதாக வந்தது. "...பெருக்கெடுத்த வெள்ளத்தில் தன்னுயிர் பாராது பாய்ந்து..." என் வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. அந்தக் குரலில், அந்தக் கூரைக்குக் கீழே கேட்டபோது நானே பார்த்தேன். அண்ணன் பாய்ந்தான். வெள்ளம் பழுப்பாக இருந்தது. கையைத் தூக்கினான். நகம் சுத்தமாக இருந்தது.

தலையை உதறிக்கொண்டேன்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டைகள், பட்டுப் புடவைகள். ஒருவர் கொட்டாவியை அடக்கினார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. அப்போது கேட்டது. டொக். கொஞ்சம் விட்டு, டொக் டொக். யாரோ மோதிரக் கையால் மேசையைத் தட்டுகிறார் என்று நினைத்துக் கீழே பார்த்தேன். எல்லோர் கையும் கட்டியிருந்தது. சத்தம் மேசையிலிருந்து வரவில்லை. அதற்கும் கீழே இருந்து வந்தது.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "தட்டுதான்ட்டி" என்றாள், மெதுவாக, சபைக் குறிப்பில் ஏறாத அளவுக்கு. "எங்கனயோ அடச்சு வச்சிருக்கானுவ."

உட்கார்ந்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சபை கொஞ்ச நேரம் கலைந்து மறுபடி கூடியபோது ஒரு அமைச்சர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். உறுப்பினர்கள் சிரித்துக்கொண்டு மேசையைத் தட்டினார்கள். வரிசை வரிசையாக, இரண்டு கையாலும். கைதட்டுவதற்குப் பதில் இங்கே அதுதான் வழக்கமாம். அம்மா காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். "தெறங்கய்யா, யாராவது தெறங்கய்யா" என்று கத்தினாள். காவலர்கள் எங்களை வெளியே கொண்டுவந்தார்கள். மரியாதையாகத்தான் கொண்டுவந்தார்கள். தியாகி குடும்பம் அல்லவா?

வெற்றிலைப் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

நியமன ஆணை வந்துவிட்டது. இளநிலை உதவியாளர், மாவட்டக் காவல் அலுவலகம். அடுத்த மாதம் மூன்றாம் தேதி சேர வேண்டும். வெளிர் நிறத்தில் இரண்டு புடவை எடுக்க வேண்டும்.

அக்டோபர் 25, சனி

காலை பத்து மணி இருக்கும், ஏட்டையா ஆட்டோவில் வந்தார். மஃப்டியில். டி.எஸ்.பி. ஊரில் இல்லை, அய்யா வீட்டம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்றார். போனேன்.

போர்டிகோவுக்குக் கீழே அந்தத் தொட்டி. இரும்பு மூடி. அதன் மேல் ஒரு ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். எலுமிச்சம்பழம், குங்குமம், வாடின பூ. நாய் ஒன்று தூரத்தில் கட்டிக் கிடந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. அதன் பீயை இப்போது எவன் அள்ளுகிறானோ.

டி.எஸ்.பி.யின் மனைவி வெளியே வந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். வடக்கத்தி மாவட்டத்துப் பேச்சு. தலை சீவவில்லை.

"உட்காரும்மா."

"நிக்கேன்."

"உங்க பக்கம் பிடிமண்ணுன்னு ஒண்ணு உண்டாமே. ஏட்டு சொன்னாரு. இங்கேருந்து ஒரு பிடி எடுத்துட்டுப் போயிடும்மா. அந்தப் பையனைக் கூட்டிட்டுப் போயிடு. என்னால முடியல."

"எந்தப் பையன மேடம்?"

அவர் ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையா ஆட்டுக்கல்லைப் பார்த்தார்.

"நாய்க்குட்டி விழுந்துடும்னுதான் மூடச் சொன்னேன். சத்தியமா உள்ள ஆள் இருக்கிறது தெரியாது. மேல பெரிய பூந்தொட்டியைத் தூக்கி வைக்கச் சொன்னதும் நான்தான். சத்தம் கேட்டுச்சு. பக்கத்து மனையில வீடு கட்டுறாங்க, அந்தச் சத்தம்னு நெனச்சேன். டிவியைச் சத்தமா வச்சேன்." அவர் அழவில்லை. அழுது முடித்தவர் மாதிரி இருந்தார். "அது நின்ன பிறகுகூட எனக்குத் தோணலம்மா."

மூடியைப் பார்த்தேன்.

"இதத் தெருவுல நின்னு சொல்லுவியளா? எங்கம்மைட்ட வந்து சொல்லுவியளா?"

"எப்படிம்மா... அவருக்கு இந்த வருஷம் பதவி உயர்வு. பேரவையிலயே வாசிச்சாச்சு. இனிமே யார் என்ன சொன்னாலும்..."

"அப்பச் சரி மேடம். பேரவையே எந்திரிச்சு நின்னு சொல்லியாச்சு, எங்கண்ணன் ஆத்துல செத்தான்னு. இங்க யாரும் சாகல. யாரும் சாகாத எடத்துல நான் எதுக்கு மண்ணெடுக்கணும்?"

"வேலு" என்றார் ஏட்டையா. "ஒங்கண்ணன் தாயி."

"ஆத்துல செத்தவன் ஏட்டையா. நீங்கதான வந்து சொன்னிய."

அப்போது தட்டியது.

பட்டப்பகல். தெருவில் கீரைக்காரி போய்க்கொண்டிருந்தாள். மூடிக்கு அடியில், உள்ளங்கையால் தட்டுவதுபோல மந்தமாக. நாய் எழுந்து நின்றது. ஏட்டையா கைகளைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றார். படியில் உட்கார்ந்திருந்த மேடம் எழுந்துவிட்டார். தலை குனிந்து நின்றோம். தட்டி ஓயும்வரை நின்றோம்.

ஓய்ந்ததும் நான் வெளியே வந்து கேட்டைச் சாத்தினேன். பின்னால் நகம் இரும்பைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. நாயாக இருக்கும். அது கட்டிக் கிடந்தது என்பது பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பின்பக்கம் அந்த இன்னொருவனுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மணிக்கணக்காக எங்கே போனாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"இருந்தானா?" என்றாள்.

"இருந்தான்" என்றேன்.

"கூட்டிட்டு வரலியா?"

நான் உள்ளே போய் அடுப்பில் ரசத்துக்குப் புளியைக் கரைத்து வைத்தேன். அவள் வாசலுக்குப் போய் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் வந்த வழியில் எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி யாராவது நடந்து வருகிறார்களா என்று.